இறக்குமதிக் கேம்பர் வேன்களில் எஞ்சின் அறை விசிறியும் சூடேறும் அச்சமும்: ஒரு பராமரிப்பு வழிகாட்டி

ஜப்பானிலிருந்து வந்த கேம்பர் வேன் (தங்கிப் பயணிக்க வீட்டு வசதிகள் சேர்த்த வண்டி) ஒன்றைப் புதிதாக வாங்கியவர், முதல் நீண்ட ஏற்றத்தை ஏறி முடித்து, வண்டியை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கும்போது, இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் இரைச்சல் தொடர்ந்து வருவதைக் கேட்டுத் திடுக்கிடுவது வழக்கம். எஞ்சின் நின்றுவிட்டது, ஆனால் உள்ளே ஏதோ ஒன்று சுழன்றுகொண்டே இருக்கிறது. சில நிமிடங்கள் கழித்து அது தானாகவே அடங்கிவிடுகிறது. மஸ்தா போங்கோ ஃபிரெண்டி, அதே வண்டியின் மறுபெயரான ஃபோர்டு ஃப்ரீடா ஆகியவற்றை வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்த முதல் நாள் பயம் நினைவிருக்கும். அந்த இரைச்சலைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. எஞ்சின் அறை விசிறி தன் வேலையைச் செய்கிறது என்பதே அதன் பொருள். அஞ்ச வேண்டிய ஆபத்து பெரும்பாலும் ஓசையே இல்லாமல் வருகிறது: எங்கோ ஒரு குழாய் இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் மட்டம் குறைந்துகொண்டே போவதுதான் அது. ஆகவே இந்த வழிகாட்டி விசிறிகளில் தொடங்கினாலும், அதன் பெரும்பகுதி கூலன்டைப் பற்றியதாகவே இருக்கும்.

இரண்டு விசிறிகள், இரண்டு வேலைகள்

போங்கோ ஃபிரெண்டி 1995 முதல் 2005 வரை ஜப்பானில் தயாரிக்கப்பட்டது. பின்னர் பிரிட்டனுக்குப் பழைய வண்டியாகப் பெரும் எண்ணிக்கையில் இறக்குமதியாகி, கேம்பராக மாற்றப்பட்டது. இதிலும், டொயோட்டா ஹைஏஸ், மிட்சுபிஷி டெலிகா ஆகியவற்றின் பழைய மாடல்களிலும், எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே அமர்ந்திருக்கிறது. நீண்ட பானெட்டுக்குள் இருக்கும் எஞ்சினைச் சுற்றிக் காற்று தாராளமாக உலவும். இருக்கைப் பெட்டிக்குள் அடைபட்ட எஞ்சினுக்கோ அந்த வசதி கிடையாது. ரேடியேட்டர் முகப்பில் ஓரிடத்தில் இருக்க, எஞ்சின் அதற்குப் பின்னால் தள்ளி இருப்பதால், அங்கே தேங்கும் வெப்பக் காற்றை நகர்த்தத் தனியாக ஒரு சிறு மின்விசிறி தேவைப்படுகிறது. போங்கோவில் எஞ்சின் அறை விசிறி என்று சொல்லப்படுவது இதுதான்.

வண்டி ஓடும்போது தண்ணீர் பம்பு கூலன்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. எஞ்சினை அணைத்த நொடியில் அந்தச் சுழற்சி நின்றுவிடும். ஆனால் உலோகத்தில் ஏறிய சூடும், டர்போவிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் தேங்கிய அனலும் உடனே போய்விடுவதில்லை. எனவே நிறுத்திய பிறகு முதல் சில நிமிடங்களில் எஞ்சின் அறையின் வெப்பம் முன்பிருந்ததைவிடக் கூடுகிறது. அறைக்குள் இருக்கும் வெப்ப உணரி அதை அறிந்து விசிறியை ஓட விடுகிறது. கூலன்டின் வெப்பத்தைக் குறைப்பது இந்த விசிறியின் பணி அல்ல. ரப்பர் ஹோஸ்கள், மின் வயர்கள், ஆல்டர்னேட்டர் போன்றவை வெந்து இற்றுப்போகாமல் காப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. ரேடியேட்டர் விசிறியின் கதை முற்றிலும் வேறு. கூலன்ட் குறிப்பிட்ட சூட்டை எட்டும்போது ரேடியேட்டரின் வழியாகக் காற்றை இழுப்பது அதன் வேலை. அது நின்றுபோனால், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதே எஞ்சின் சூடேறத் தொடங்கிவிடும். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புபவர்கள், ஓடவேண்டிய விசிறியைப் பார்த்துப் பயந்து, ஓடாமல் நிற்கும் விசிறியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ரேடியேட்டர் விசிறியைச் சோதித்தல்

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏசி இயங்கத் தொடங்கியதும் முன்புற மின்விசிறி ஒன்றாவது சுழல வேண்டும். அதன்பின் ஏசியை அணைத்துவிட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுக் காத்திருங்கள். தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துக் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) பொதுவாக 82 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கத் தொடங்கும், விசிறி அதைவிடச் சில டிகிரி மேலே போனதும் சுழலும், சூடு இறங்கியதும் தானாக நிற்கும். இப்படி 2 அல்லது 3 முறை ஓடி நிற்பதைப் பார்த்துவிட்டால், உணரி, ரிலே (விசிறிக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்), பியூஸ், மோட்டார் ஆகிய நான்கும் சரியாக இருப்பதாகக் கொள்ளலாம்.

விசிறி சுழல்வது மட்டும் போதாது. காற்று சரியான திசையில் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு தாளை எடுத்து, முன்புற கிரில்லின் மீது தளர்வாகப் பிடியுங்கள். விசிறி ஓடும்போது தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அது படபடத்து வெளியே தள்ளப்பட்டால், மோட்டாரை மாற்றியவர் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி இணைத்திருக்கிறார் என்று பொருள். நானே ஒரு வண்டியில் இப்படிக் கண்டிருக்கிறேன். நெடுஞ்சாலையில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி, நெரிசலில் நின்றால் மட்டும் சூடேறியது. வயர்களைத் திருப்பி இணைக்க ஆன நேரம் பத்து நிமிடத்துக்கும் குறைவு.

விசிறி சுழலவே இல்லையென்றால் முதலில் பியூஸைப் பாருங்கள். இறக்குமதி வண்டிகளில் பியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள விவரம் முழுக்க ஜப்பானிய எழுத்தில் இருக்கும்; கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்து, அச்சிட்டு, அந்த மூடியின் உட்புறத்திலேயே ஒட்டி வைத்துவிட்டால், மழையிலும் இருட்டிலும் நிற்கும் ஒரு நாளில் அது பேருதவியாக இருக்கும். பியூஸ் நன்றாக இருந்தால், அதே பெட்டியில் ஒரே மாதிரியான வேறு ரிலே ஒன்றை எடுத்து மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் பலனில்லை என்றால், மல்டிமீட்டரை விசிறியின் பிளக்கில் வைத்து அளவு எடுங்கள். பேட்டரியில் உள்ள வோல்டேஜுக்கும் பிளக்கில் கிடைப்பதற்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வழியில் எங்கோ துருப்பிடித்த இணைப்பு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது எர்த் வயர் பாடியில் இணையும் இடமாகவே இருக்கும். முழு வோல்டேஜ் வந்தும் மோட்டார் அசையாமல், ஒரு மரக்குச்சியால் அதன் மீது மெல்லத் தட்டியதும் ஓடத் தொடங்கினால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அந்த மோட்டாரை மாற்றியே ஆக வேண்டும். இந்தச் சோதனைகளின்போது விரல்களை விசிறிக்கு அருகே கொண்டு போகாதீர்கள். சாவி அணைந்திருந்தாலும் இந்த விசிறிகள் எந்த நொடியும் சுழலக்கூடும்.

சில வண்டிகளில் மின்விசிறிக்குப் பதிலாக, எஞ்சினோடு சேர்ந்து சுழலும் விஸ்கஸ் விசிறி இருக்கும். எஞ்சின் குளிர்ந்து அணைந்திருக்கும்போது அதைக் கையால் சுழற்றினால், இலேசான இழுவையோடு சற்றே சுற்றி நிற்க வேண்டும். தடையே இல்லாமல் பல சுற்று சுற்றினாலும், நடுவில் எண்ணெய் வழிந்த தடம் தெரிந்தாலும் அதன் காலம் முடிந்துவிட்டது.

எஞ்சின் அறை விசிறியைச் சோதித்தல்

இதைச் சோதிக்கச் சூடான நாளில் ஓர் ஏற்றம் ஏறிவந்து நிறுத்துவதே எளிய வழி. குளிர்காலத்தில் அது மாதக்கணக்கில் ஒருமுறைகூட ஓடாமல் இருக்கலாம். அதை வைத்துப் பழுது என்று முடிவுகட்டக் கூடாது. உணரியின் பிளக்கையும் விசிறியின் பிளக்கையும் கழற்றி, உள்ளே பச்சைப் பூஞ்சணம் போன்ற செம்புக் களிம்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காண்டாக்ட் கிளீனர் தெளித்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு, பியூஸ் இணைத்த ஒரு வயர் மூலம் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். அப்போது ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, பழுது உணரியிலோ ரிலேயிலோதான்.

இந்த விசிறி பழுதானால் அடுத்த நிமிடமே எஞ்சின் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். அதன் விளைவு மெதுவானது: ஹோஸ்கள் விரைவில் விறைத்து வெடிப்பு விடும், வயர்களின் பிளாஸ்டிக் உறை நொறுங்கும். மறுபக்கம், வண்டி குளிர்ந்திருக்கும்போதும் அது ஓயாமல் ஓடினால், உணரி ஷார்ட் ஆகியிருக்கலாம் அல்லது ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒரே இரவில் பேட்டரி காலியாகிவிடும் என்பதால் அதை உடனே கவனிக்க வேண்டும்.

கூலன்ட் எங்கே போகிறது

ஏற்றத்தில் எஞ்சின் வெந்துபோய், அதன் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்ட வண்டிகளின் பின்கதையைக் கிளறினால், பெரும்பாலும் ஒரு சிறிய கசிவில்தான் அது தொடங்கியிருக்கும். எஞ்சின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் இருப்பதால் நீண்ட ஹோஸ்கள் தேவைப்படுகின்றன; பின்னிருக்கைக்குத் தனி ஹீட்டர் இருந்தால், அதற்கான இரும்புக் குழாய்கள் வண்டியின் அடிவயிறு முழுக்க ஓடுகின்றன. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் அந்தக் குழாய்கள் வெளிப்புறத்திலிருந்து அரிக்கப்படுகின்றன. போங்கோவில் இது நன்கு அறியப்பட்ட பலவீனம்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது வண்டியைத் தூக்கி, உறுதியான தாங்கிகள் மீது நிறுத்தி, டார்ச்சோடு அடியில் படுத்து ஒவ்வொரு குழாயையும் முழுவதுமாகத் தொடர்ந்து பாருங்கள். தேட வேண்டியது ஈரத்தை மட்டுமல்ல. சூடான இடத்தில் கசியும் கூலன்ட் உடனே உலர்ந்துவிடுவதால், இளஞ்சிவப்பு அல்லது பச்சை நிறத்தில் உப்புப் பூத்தது போன்ற பொருக்கு ஒன்று மட்டுமே எஞ்சும். என் வண்டியின் பின் ஹீட்டர் குழாயில், கிளிப்புக்கு அடியில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு அப்படியொரு பொருக்கு இருந்தது. நகத்தால் சுரண்டியதும் அதன் அடியிலிருந்த துரு செதிளாக உரிந்து வந்தது. இன்னொரு முறை சுரண்டியபோது ஊசிமுனைத் துளையிலிருந்து ஒரு சொட்டு மெல்லத் திரண்டு நின்றது. அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு பழுதுபார்ப்பகத்தில் அந்த வண்டிக்கு எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அரித்த குழாய்க்குச் செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போடலாம். பின் ஹீட்டர் தேவையே இல்லாதவர்கள், எஞ்சினுக்கு அருகிலேயே போக்கையும் வரத்தையும் ஒரு குறுகிய ஹோஸால் இணைத்து அந்த வட்டத்தை முடித்துவிடலாம். கசிவை அடைக்கும் திரவங்களைக் கூலன்டில் ஊற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை; அவை ஹீட்டரின் மெல்லிய குழல்களையும் சேர்த்து அடைத்துவிடுகின்றன.

மீட்டர் முள்ளை நம்பலாமா

முழுமையாக நம்பக் கூடாது. இந்த வண்டிகளில் பலவற்றின் வெப்ப மீட்டர், சாதாரண ஏற்ற இறக்கங்களைக் காட்டி ஓட்டுநரைப் பதற்றப்படுத்தாமல் இருக்கும்படி அமைக்கப்பட்டது. எஞ்சின் ஓட்டச் சூட்டை அடைந்த பிறகு, கூலன்டின் வெப்பம் கணிசமான அளவு கூடினாலும் குறைந்தாலும் முள் ஒரே இடத்திலேயே நிற்கும். அது அசையத் தொடங்கும்போது நிலைமை கைமீறிப் போயிருக்கக்கூடும். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு: கூலன்ட் வெகுவாக வடிந்துவிட்டால், உணரியைச் சுற்றித் திரவம் இராது, நீராவியோ காற்றோதான் இருக்கும். எஞ்சினின் ஹெட் கொதித்துக்கொண்டிருக்க, முள்ளோ இயல்பு நிலையைக் காட்டும். சில நேரங்களில் கீழேகூட இறங்கும். ஓடும் வண்டியில் முள் காரணமின்றி இறங்கினாலோ, ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வந்தாலோ, உடனே ஓரங்கட்டுங்கள்.

ஆகவே இத்தகைய வண்டியை வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் செலவு, கூலன்ட் மட்டம் குறைந்தால் ஒலிக்கும் அலாரம் ஒன்றைப் பொருத்துவதே என்பது என் உறுதியான கருத்து. அதன் அமைப்பு எளிமையானது: கூலன்ட் தொட்டியின் சுவரில் துளையிட்டு, ரப்பர் வாஷரோடு ஓர் எஃகு முனை பொருத்தப்படுகிறது. கூலன்ட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், முனை மூழ்கியிருக்கும் வரை சுற்று நிறைவாக இருக்கும். மட்டம் இறங்கி முனை வெளியே தெரிந்ததும் சுற்று அறுந்து அலாரம் ஒலிக்கும். பொருத்தி முடித்ததும் முனையின் வயரை ஒருமுறை கழற்றி, ஒலிக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். இதோடு, சிலிண்டர் ஹெட்டின் போல்ட் ஒன்றில் மாட்டி உலோகத்தின் வெப்பத்தையே அளக்கும் டிஜிட்டல் மீட்டரையும் சேர்த்துவிட்டால், கூலன்ட் முழுதும் போன நிலையிலும் உண்மை தெரிந்துவிடும்.

மூடியும் கலவையும்

தண்ணீரும் எத்திலீன் கிளைகால் கூலன்டும் சரிபாதியாகக் கலந்த கலவை, திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். கூலன்ட் அமைப்பை இறுக மூடும் அழுத்த மூடி அதை 120 டிகிரிக்கும் மேலே தள்ளிவிடுகிறது. மூடியின் மீது 0.9 அல்லது 1.1 என அழுத்த அளவு பொறிக்கப்பட்டிருக்கும். புதிது வாங்கும்போது அதே அளவில் வாங்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து அழுத்தம் நிற்காமல் போனால், வேறு எந்தப் பழுதும் இல்லாத எஞ்சின்கூட ஏற்றத்தில் கொதித்து வழியும். மூடி விலை மலிவானது; சந்தேகம் எழுந்தால் சோதித்துக்கொண்டிராமல் மாற்றிவிடுங்கள்.

வெவ்வேறு வகைக் கூலன்டுகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யவும் முடியாது. முன்னவர் என்ன ஊற்றினார் என்று தெரியாவிட்டால், முழுவதையும் வடித்து, நல்ல தண்ணீரால் அலசி, புதிதாக நிரப்புவதே பாதுகாப்பு.

நிரப்பும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள். எஞ்சினும் ஹீட்டர் குழாய்களும் பரந்து கிடப்பதால், உள்ளே காற்று சிக்கிக்கொள்ள இடம் ஏராளம். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். ஹீட்டர் கட்டுப்பாடுகளை, பின் ஹீட்டர் உட்பட, முழுச் சூட்டில் திருப்புங்கள். காற்றை வெளியேற்றத் தனிக்குழாயோ திருகோ இருந்தால் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் திரவம் வரும் வரை மெதுவாக ஊற்றுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸ்களைத் துணி சுற்றிய கையால் அவ்வப்போது அமுக்கிவிட்டு, மட்டம் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருங்கள். முன், பின் இரண்டு ஹீட்டரிலும் சீரான சூட்டில் காற்று வந்து, விசிறி ஓடி நின்ற பிறகே வேலை முடிந்தது. இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கலாம். அவசரப்பட்டுப் பாதியில் விட்டால் அடுத்த ஏற்றத்திலேயே தெரிந்துவிடும். மறுநாள் காலை, எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, மட்டத்தை மறுபடி பாருங்கள்.

கேம்பராக மாற்றியதால் வரும் தொல்லைகள்

வீட்டு வசதிகளைச் சேர்த்தவர் எஞ்சினை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். இருக்கைக்குக் கீழே சத்தம் குறைய வேண்டும் என்று பஞ்சு போன்ற தடுப்பைத் திணித்து, காற்று வெளியேறும் இடைவெளிகளை அடைத்திருப்பார்கள். அடியில் தொங்கும் தண்ணீர்த் தொட்டி, வெப்பக் காற்று பின்னோக்கிப் போகும் பாதையை மறித்து நிற்கும். எஞ்சினுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டை யாரோ கழற்றிவிட்டு மறுபடி மாட்டாமல் விட்டிருந்தால், ரேடியேட்டருக்குள் புக வேண்டிய காற்று சிதறிப்போகும். ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சி, விதை, மண் எல்லாம் சேர்ந்து ஒரு மெத்தை போலப் படிந்திருப்பதும் உண்டு. முன்னாலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது. பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி, மென்மையான அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சி அதைக் கழுவ வேண்டும். உயர் அழுத்தக் குழாயை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

சாலையில் சூடேறினால்

முள் மெல்ல ஏறுகிறது, ஆவி இல்லை, அலாரம் ஒலிக்கவில்லை என்றால், ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் வைத்து, ஓவர்டிரைவை (உச்ச கியரை) அணைத்துத் தாழ்ந்த கியரில் மெதுவாகச் செல்லுங்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால், விசிறியும் பம்பும் சூட்டைக் குறைக்கும். ஆவி வந்தாலோ அலாரம் ஒலித்தாலோ முள் சிவப்பைத் தொட்டாலோ, அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர் போய்விடலாம் என்ற எண்ணம்தான் அலுமினிய ஹெட்டை வளைக்கிறது. மூடியைத் தொடாதீர்கள்; குறைந்தது ஒரு மணி நேரமாவது காத்திருந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டு அது குளிர்ந்து தளர்ந்திருப்பதை உறுதி செய்த பிறகு, தடித்த துணியைப் போர்த்தி மெல்லத் திருகுங்கள். கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால், அந்த அதிர்ச்சியிலேயே ஹெட் வெடிக்கக்கூடும்.

ஒருமுறை நன்றாகச் சூடேறிய வண்டியை, கசிவை அடைத்ததோடு சரியாகிவிட்டதாக எண்ணி நெடும்பயணம் கொண்டு போகாதீர்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் மேல் ஹோஸ் இறுகிக் கல்லாக இருக்கிறதா, தொட்டியில் ஓயாமல் குமிழி வருகிறதா, காரணமின்றிக் கூலன்ட் குறைகிறதா என்று சில நாள்கள் பாருங்கள். ஐயம் இருந்தால், எஞ்சினில் எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறதா என்று காட்டும் சோதனைத் திரவத்தைப் பயன்படுத்துங்கள். தொட்டியின் வாயில் ஒரு குழலை வைத்து, அங்குள்ள காற்றை நீல நிறத் திரவத்தின் வழியாக உறிஞ்ச வேண்டும். கூலன்ட் குழலுக்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்பதால் முதலில் மட்டத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் எஞ்சினில் நீலம் மஞ்சளாகவும், டீசலில் பச்சையாகவும் மாறினால், எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது: ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கலாம், அல்லது ஹெட்டில் விரிசல் விட்டிருக்கலாம். நிறம் மாறவில்லை என்றாலும், ஒரு நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு எஞ்சின் சூடாக இருக்கும்போது அதே சோதனையை மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். மயிரிழை விரிசல்கள் சூட்டில்தான் வாய் திறக்கின்றன.